ஆடிப்பட்டமும் 56 ஏ.பி.ஓ.வும்

எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பெட்டியில் போட்ட ஒரு இன்லாண்டு லெட்டர் டெல்லியில் ராணுவத் தபால்காரர்கள் கைக்குப் போய், அங்கே யூனிட் வாரியாகப் பிரிபட்டு, ஸ்ரீநகர் போய், ஜோஜிலா கணவாய் ஏறி இறங்கி, திராஸ் பக்கம் கிடக்கிற சிப்பாயின் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். 1999 ஜூனில், ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலை மேலேயே குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், அதற்கும் மேல் ஆனது. அவன் அன்றைக்கே பதில் எழுதினாலும் அது ஊர் திரும்ப அதே அளவு நாள் பிடிக்கும். ஆனி பிறந்ததும் மனைவி, "கொல்லையில் மல்லாட்டை போடலாமா, விதைக்கு யாரிடம் சொல்லி வைக்கட்டும்?" என்று எழுதிக் கேட்டால், பதில் வரும்போது ஆனி பெரும்பாலும் கழிந்திருக்கும். அதற்குள் ஒரு மழை பெய்து ஈரம் காய்ந்தும் போயிருக்கும்.

போர்க்காலத்தில் தூரத்தில் இருந்துகொண்டு குடும்பம் நடத்துவதில் உள்ள கஷ்டம் முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பணம் போதாமை அதற்குப் பிறகுதான். பிரிவுத் துயரம்கூட அதற்குப் பிறகுதான் என்று சொல்வேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழுகிற அந்த இருபது, இருபத்தைந்து நாளை எப்படிக் கடப்பது என்று தெரிந்த தம்பதியின் வீடு நிற்கும்.

நான் பீரங்கிப் படையில் கிளார்க்காக வேலை பார்த்தவன். 1981-இல் சேர்ந்தேன், சுபேதாராக ஓய்வுபெற்றேன். கார்கில் போரின்போது ஹவில்தார் கிளார்க். சம்பளம், லீவு, சிப்பாயின் ஏட்டில் மாற்றங்களைப் பதிகிற பார்ட் டூ ஆர்டர், வீட்டுக்குப் போகும் பணம், நாமினேஷன் என்று எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் எங்கள் ரெஜிமென்ட்டில் இருந்த ஒவ்வொருவனின் வீடும் எனக்குக் காகிதத்தில் தெரியும். எவன் வீட்டில் எத்தனை பிள்ளை, எவனுக்கு அப்பா இல்லை, எவன் தங்கை கல்யாணக் கடன் கட்டுகிறான் என்பதெல்லாம் தெரியும். பீரங்கியைச் சுடக் கற்றுக்கொடுக்கத் தேவ்லாலியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் பதுங்குகுழியில் உட்கார்ந்துகொண்டு வீட்டை நடத்தக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்வதுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இதுவும் ஒரு வித்தை, கற்றால் வரும் என்பது என் முழு நம்பிக்கை.

அந்த வித்தையின் முதல் பாடம்: வீட்டுக்கு உத்தரவு எழுதாதே.

சிப்பாய்க்கு இது எளிதில் புரியாது. காலையில் எழுந்ததிலிருந்து அவன் காதில் விழுவதெல்லாம் உத்தரவு. அதே மொழியில்தான் வீட்டுக்கும் எழுதுவான். "ஆடி 5-ஆம் தேதிக்குள் விதைத்துவிடு. விதை இன்னாரிடம் வாங்கு. களைக்கு இத்தனை ஆள் விடு." கடிதம் போய்ச் சேரும்போது மழை இல்லை என்று வைத்துக்கொள்வோம். சொன்ன பேச்சைக் கேட்டு அவள் விதைத்தால் ஏக்கருக்கு 50 கிலோ நிலக்கடலைப் பருப்பு மண்ணோடு போகும். கேட்காமல் நிறுத்தி வைத்தால், புருஷன் சண்டையில் இருக்கும்போது அவன் வார்த்தையை மீறிவிட்டோமே என்று அவள் மனசு அடித்துக்கொள்ளும். போதாததற்கு மாமியார் ஒரு வார்த்தை, கொழுந்தன் ஒரு வார்த்தை. எப்படிப் பார்த்தாலும் அந்தக் கடிதம் அவளுக்குச் சுமை.

அதே விஷயத்தை வேறு மாதிரி எழுதலாம். போன வருஷ விதையில் முளைப்பு குறைவாக இருந்தது, இந்தத் தடவை வாங்குவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து ஈரச் சாக்கில் முடிந்து வைத்து முளைக்கிறதா என்று பார். நல்ல மழை விழாமல் ஏர் பூட்ட வேண்டாம். விதைக்கென்று வெளியில் வாங்கினால் இவ்வளவுக்கு மேல் வாங்காதே. விதைத்தால் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ கணக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல். விதைப்பதா வேண்டாமா என்பதை நீ வானத்தைப் பார்த்து முடிவு செய். இப்படி எழுதின கடிதம் பதினைந்து நாள் தாமதமாகப் போனாலும் கெட்டுப்போகாது. அதில் இருப்பது அவனுக்குத் தெரிந்த விவரம், அவன் வகுத்த வரம்பு. முடிவு மட்டும் இடத்தில் நிற்கிறவளிடம். நான் பையன்களுக்குச் சொன்ன சூத்திரம் இதுதான்: நீ எழுதுகிற வரி ஒரு மாசம் கழித்துப் படித்தாலும் உண்மையாக இருக்குமா? இருந்தால் எழுது.

வரம்பு என்று சொன்னேன் அல்லவா, அதைத் தொகையாகச் சொல்ல வேண்டும். "பார்த்துச் செலவு பண்ணு" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எத்தனை ரூபாய் வரை அவளே முடிவு செய்யலாம், எந்த நகையை அடகு வைக்கலாம், எதைத் தொடக்கூடாது, கூட்டுறவு சங்கமா மார்வாடி கடையா, மாடு விற்கிற நிலைமை வந்தால் எந்த மாடு என்பதெல்லாம் லீவில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை. பேசாமல் போனவர்கள் அதைக் கடிதத்தில் பேசப் பார்ப்பார்கள். கடிதம் பேரம் பேச ஏற்ற இடம் அல்ல. ஒவ்வொரு மறுமொழிக்கும் அரை மாசம் போகும்.

மனைவி எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. என் மனைவி இதில் என்னைவிடக் கெட்டிக்காரி, அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் சொன்னேன். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், இன்னும் என்ன பாக்கி. இந்த மூன்றும் இல்லாமல் எந்தச் சங்கதியையும் அவள் எழுதமாட்டாள். "மோட்டார் காயில் கருகிவிட்டது" என்று மட்டும் எழுதினால், படிக்கிறவன் அடுத்த கடிதம் வரும்வரை பயிர் கருகுவதையே நினைத்துக்கொண்டு சென்ட்ரி நிற்பான். "மோட்டார் காயில் கருகிவிட்டது. கணியம்பாடிக்கு எடுத்துப்போய்க் காயில் கட்டி இறக்கியாச்சு. கூலியில் பாதி கொடுத்தேன், மீதி அடுத்த மணியார்டரில்" என்று எழுதினால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். துப்பாக்கி பிடிக்கிறவனுக்குத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கடிதங்களுக்கு நம்பர் போடுவது இன்னொரு பழக்கம். இன்லாண்டின் மேல் மூலையில் சின்னதாக 7, 8, 9 என்று. போர்க்காலத்தில் கடிதம் வரிசையாக வராது. மூன்று நாலு சேர்ந்து ஒரே நாளில் வரும், அல்லது பின்னால் எழுதியது முன்னால் வந்து நிற்கும். நம்பர் இல்லாவிட்டால் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று முதலில் படிப்பான், காய்ச்சல் அடிக்கிறது என்று பிறகு படிப்பான், மறுபடி வந்துவிட்டதோ என்று பதறுவான். நடுவில் ஒன்று விழுந்துபோனால் அதுவும் உடனே தெரியும். பதில் எழுதும்போது "உன் 8 கிடைத்தது, 7 இன்னும் வரவில்லை" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் அவள் 7-இல் இருந்த முக்கியச் செய்தியைத் திரும்ப எழுதுவாள்.

அந்த நீல இன்லாண்டில் இடம் கொஞ்சம்தான். மடித்து ஒட்டுகிற ஓரம்வரை பொடி எழுத்தில் நிரப்புவோம். போர் முடிந்தும் அந்த வருஷக் குளிர்காலம் முழுவதும் மலைமேலேயே இருக்க வேண்டியிருந்தது. குளிரில் பால்பாயின்ட் பேனாவின் மை இறங்காது. மண்ணெண்ணெய் புகாரி அடுப்பின் பக்கத்தில் முனையைக் காட்டி, உள்ளங்கையில் வைத்து உருட்டி, நாலு வரி எழுதினால் மறுபடி நின்றுவிடும். அனுபவஸ்தர்கள் பென்சில் வைத்திருப்பார்கள். அப்படி எழுதின கடிதத்தில் வீணான வார்த்தைக்கு இடமே கிடையாது. "நலம், நலமறிய அவா" என்பதை மட்டும் யாரும் விட்டதில்லை. அந்த ஒரு வரியைத்தான் வீட்டில் முதலில் தேடுவார்கள்.

வீட்டு வரவுசெலவை ஒரு கடிதத்திலும் மனசை இன்னொரு கடிதத்திலும் எழுது என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பாவும் பட்டாளத்துக்காரர். 1971 டிசம்பர் போரில் மேற்கு எல்லையில் இருந்தார். எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல அப்பாவுக்குக் கடிதம் எழுதியது நான்தான், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியதும் நான்தான். நாலாம் வகுப்புப் பையன். திண்ணையில் பாட்டி, சித்தப்பா, எதிர்வீட்டு அத்தை எல்லோரும் உட்கார்ந்திருக்க, அம்மா தூணில் சாய்ந்தபடி சொல்லுவாள். மாடு கன்று போட்டது, நெல் மூட்டை இத்தனை, சித்தப்பா வந்து போனார். சில இடத்தில் நிறுத்திவிடுவாள். "எழுதிட்டேம்மா, அப்புறம்?" என்பேன். "அவ்வளவுதான், போதும்" என்பாள். அந்தப் போதும் என்பதற்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது. சித்தப்பா வந்து போனதையே எழுத முடியும், எதற்காக வந்தார், எவ்வளவு கேட்டார் என்பதை அவர் முன்னாலேயே எப்படி எழுதச் சொல்வது? அப்பாவும் அப்படித்தான் எழுதினார். ஊரே கேட்கப்போகிற கடிதத்தில் மனைவியிடம் எதைச் சொல்வார்?

அதனால்தான் மனைவியின் கையெழுத்து ஒரு குடும்பச் சொத்து என்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எங்கள் பிரிவுப் பையன் ஒருவனின் மனைவி அதில் எழுதக் கற்றாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் இருக்கும், புள்ளி பாதிக்கு இருக்காது. அவள் தானே எழுதின முதல் இன்லாண்டை அவன் எல்லோருக்கும் காட்டினான், ஆனால் யாரையும் படிக்க விடவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பணக்கணக்கு நேராகிவிட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை அவள் இடையாள் இல்லாமல் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

தனித்தனியாக எழுதுவதில் வேறு வசதியும் உண்டு. பணம், பயிர், பத்திரம் பற்றிய கடிதத்தை அவள் தேவைப்பட்டால் வி.ஏ.ஓ.விடமோ சங்கத்துச் செயலாளரிடமோ அப்படியே காட்டலாம். "இதோ, அவரே எழுதியிருக்கிறார்" என்று சொல்லலாம். இன்னொரு கடிதம் அவளுடைய துணிப்பெட்டிக்குள் போய்விடும்.

இனி மணியார்டர். எங்கள் காலத்தில் சிப்பாய் வீட்டுக்கு மாசம் பிறந்தது என்று சொல்லுவது அதுதான். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன். பெரிய தொகைக்கு அது வலிக்கும், ஆனாலும் தபால்காரர் வாசலில் நின்று எண்ணிக் கொடுக்கிற பணத்துக்கு ஈடில்லை. சம்பளத்திலிருந்தே மாசாமாசம் ஒரு தொகையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. போர் முனையில் இருக்கிறவனுக்கு அதுதான் நல்லது. கையில் சம்பளம் வாங்கி அக்விட்டன்ஸ் ரோலில் கையெழுத்துப் போட்டு, அதைத் தபால் கூடாரத்துக்குக் கொண்டுபோய் அனுப்ப அவனுக்கு நேரம் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. அவன் மலைமேல் இருந்தாலும், ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

மணியார்டர் யார் பெயருக்கு? இதில் நொந்துபோன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயருக்குப் போகும். கல்யாணத்துக்குப் பின்னும் பல வருஷம் அப்படியே போகும். பெயரை மாற்றினால் பெற்றோரை விட்டுவிட்டான் என்று ஊர் பேசும். மாற்றாவிட்டால் குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க மனைவி மாமனார் முன் கைகட்டி நிற்க வேண்டும். சிலர் ரகசியமாக மனைவிக்கு வேறு விலாசத்தில், அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். கிராமத்தில் தபால்காரர் அறியாத ரகசியம் உண்டா? ஒரு மாசத்தில் வெளியே வந்துவிடும். நான் சொன்னது, இரண்டு மணியார்டர், வெளிப்படையாக. அப்பாவுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு, இரண்டு தொகையும் இருவருக்கும் தெரியும்படி. தொகை சிறியதானாலும் பரவாயில்லை. தன் பெயரில் வருகிற பணத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு இடம் உண்டாகிறது. கணவன் திரும்பி வராமல் போகிற நாள் வந்தால், அவளுக்குக் காலூன்ற அந்த இடம்தான் மிச்சம்.

மணியார்டர் ஃபாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு கூப்பன் துண்டு இருக்கும். அங்கே பையன்கள் "இங்கு சுகம்" என்று எழுதி விட்டுவிடுவார்கள். எதற்காக இந்தப் பணம் என்பதை அதில் எழுத வேண்டும் என்பேன். "இதில் பெரியவனின் பள்ளிக்கூட ஃபீஸ் சேர்த்தி." "சீட்டுப் பணம் இதோடு முடிகிறது." பெண்கள் அந்தக் கூப்பன்களைத் தூக்கிப் போடமாட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பங்கரைச் சுவரில் என் மனைவி ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள். அதைவிடச் சுத்தமான கணக்குப் புத்தகம் நான் பார்த்ததில்லை. தேதி இருக்கும், தொகை இருக்கும், காரணம் இருக்கும், அனுப்பினவன் கையெழுத்து இருக்கும்.

கார்கில் போர் வந்த மாதங்களை யோசித்துப் பாருங்கள். மே, ஜூன், ஜூலை. நம் கணக்கில் வைகாசி, ஆனி, ஆடி. பள்ளிக்கூடம் திறப்பதும் அப்போதுதான், விதைப்பும் அப்போதுதான், கல்யாணங்களும் வைகாசி ஆனியில்தான். ஜூன் 13-இல் தோலோலிங் மீட்கப்பட்டது, ஜூலை 4-இல் டைகர் ஹில். அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை முகூர்த்தம்! சிப்பாய் போகவில்லை என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஆனால் மொய் போக வேண்டும். மொய் நோட்டு என்பது எங்கள் பக்கத்தில் குடும்ப மானம். நம் கல்யாணத்துக்கு எவன் எவ்வளவு எழுதினான் என்பதைப் பார்த்து, அதற்குக் குறையாமல், கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். அது கணவன் பெயரில், ஊர்ப் பெயரோடு, "மிலிட்டரி" என்ற அடைமொழியோடு எழுதப்படும். புருஷன் பீரங்கியோடு நிற்கும்போது அவன் பெயரை மொய்ப் பந்தலில் ஒலிக்க வைப்பவள் மனைவி. அந்த நோட்டு எங்கே இருக்கிறது, அதில் யார் யார் என்று அவளுக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். இவன் அப்பா வழியில் இன்ன முறை, அவன் கூடப் படித்தவன், இவனுக்கு நாம் இன்னும் செய்யவில்லை என்று. நிலப்பத்திரத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள்கூட மொய் நோட்டைக் காட்டிக்கொடுக்க மறந்திருக்கிறார்கள்.

காகிதங்கள் என் தொழில், அதைப் பற்றி எவ்வளவும் சொல்லலாம். ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பெயர். சர்வீஸ் ரெக்கார்டில் மனைவி பெயர் செல்வி, ரேஷன் கார்டில் தமிழ்ச்செல்வி, பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு எஸ். செல்வி. உயிரோடு இருக்கும்வரை இது ஒரு விஷயமே இல்லை. அவன் போய்விட்டால், மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க அவள் தாலுகா ஆபீசுக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கும் நடுவே நடையாய் நடக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் பார்ட் டூ ஆர்டர், குழந்தை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டர். ஏட்டில் ஏறாத குழந்தை ராணுவத்துக்குப் பிறக்காத குழந்தை. 1976 முதல் இருக்கிற ராணுவக் குழுக் காப்பீட்டுக்கு நாமினி யார், எத்தனை பங்கு, வருங்கால வைப்பு நிதிக்கு யார், உயிலில் இரண்டு சாட்சி கையெழுத்து இருக்கிறதா என்பதையெல்லாம் வண்டி ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஆபரேஷன் பராக்ரமுக்காகப் படைகள் எல்லைக்கு நகர்ந்தன, பத்து மாதம் போல அங்கேயே நின்றன. சண்டை மூளுமா என்று தெரியாத அந்தக் காத்திருப்பில் நான் ஒவ்வொரு பையனையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டு ஏட்டைத் திறந்து காட்டினேன். நாமினி பத்தியில் இன்னும் அம்மா பெயர் மட்டும் இருந்தவர்கள் பலர். கல்யாணமாகி இரண்டு குழந்தை இருக்கும். "அண்ணே, இதை இப்பப் போய் மாத்தினா அபசகுனமா இருக்காதா?" என்று ஒருவன் கேட்டான். பலருக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்ற பயம். பங்கு பிரித்து எழுதலாம், அம்மாவுக்கும் உண்டு, மனைவிக்கும் உண்டு, யாரையும் வெட்டிவிடவில்லை என்று சொன்னால் முகம் தெளியும். இதைச் செய்வது குடும்பத்தைக் கட்டிக்காப்பதில் சேர்த்தி. தலைமாட்டில் கடன்காரன் நிற்காமல் அவன் சண்டை போட வேண்டாமா?

நிலத் தகராறும் போர்க்காலத்தில்தான் தலைதூக்கும். ஆள் இல்லை என்று தெரிந்தால் பங்காளி வரப்பை ஒரு முழம் நகர்த்திப் பார்ப்பான். இதற்கு வழி இருக்கிறது என்பது பல பெண்களுக்குத் தெரியாது. போர்ச் சூழலில் இருக்கிற படைவீரன் ஒரு வழக்கில் கட்சிக்காரனாக இருந்தால், உரிய அதிகாரியின் சான்று போனால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவைக்க 1925-ஆம் ஆண்டின் படைவீரர் வழக்குச் சட்டம் வழிசெய்கிறது. வழக்கு வரைக்கும் போகாத சங்கதிக்குக் கமாண்டிங் ஆபீசர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுகிற கடிதம் உண்டு. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போகலாம். அப்படிக் கடிதம் தட்டச்சு செய்வது எனக்குப் பிடித்த வேலை. சர்வே நம்பர், பட்டா நம்பர், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று மனைவி தெளிவாக எழுதியிருந்தால் அந்தக் கடிதம் வேலை செய்யும். "ரொம்பத் தொந்தரவு பண்ணுறாங்க" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் சிட்டா, பட்டா நகல் அவள் கையில் ஒன்று, யூனிட்டில் இவன் டிரங்குப் பெட்டியில் ஒன்று.

கெட்ட செய்தியை எழுதுவதா மறைப்பதா என்பதில் ஆளுக்கொரு கருத்து. கார்கில் போர் டிவியில் வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி பீரங்கி சுடுவதைப் பார்த்தார்கள், தேசியக்கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்து இறங்குவதையும் பார்த்தார்கள். இவன் எங்கே இருக்கிறான் என்று எழுதக்கூடாது. அது கட்டளை, அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. விலாசம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண் மட்டும்தான். அதற்காக "நான் பின்னால் பத்திரமான இடத்தில் இருக்கிறேன்" என்று பொய் எழுதக்கூடாது என்பது என் கட்சி. அந்தப் பொய் ஒருநாள் உடையும், உடைந்தால் அவன் பணத்தைப் பற்றி எழுதினதையும் அவள் நம்பமாட்டாள். இடத்தைச் சொல்லாமல் உடம்பைச் சொல்லலாம். சாப்பாடு சூடாக வருகிறது, கால் வெடிப்பு ஆறிவிட்டது, குளிருக்கு உறை கொடுத்திருக்கிறார்கள். இது எதிரிக்குப் பயன்படாது, மனைவிக்கு அன்றைய சோறு இறங்கும். வீட்டுப் பக்கத்திலிருந்து வருகிற செய்திக்கும் முன்பே ஒரு ஒப்பந்தம் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவு என்றால் உடனே சொல்ல வேண்டும், அதற்குக் கீழே என்றால் குணமான பிறகு எழுதினால் போதும் என்று. இப்படி முன்கூட்டியே வைத்துக்கொண்டால், கடிதத்தில் செய்தி இல்லை என்பதற்கே ஒரு அர்த்தம் கிடைத்துவிடும்.

தூரத்தில் இருந்து வீடு நடத்துகிற இந்தக் கஷ்டம் நம் தலைமுறையோடு தோன்றியது அல்ல. முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை ஆங்கிலேயர் தணிக்கை செய்தார்கள். அதற்காக அவர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து தொகுத்த புத்தகம் கார்கில் போர் நடந்த அதே 1999-இல்தான் வந்தது. பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆட்கள். பனியிலும் சேற்றிலும் கிடந்துகொண்டு அவர்கள் கேட்பது என்ன? அடமானத்தில் இருக்கிற நிலம், மாடு, பிள்ளையின் கல்யாணம், அனுப்பின பணம் வந்ததா. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கேள்விகள் என் மேசைக்கு வந்த கேள்விகளேதான்.

இப்போது செல்போன் இருக்கிறது. மணியார்டரும் பழைய வடிவில் 2015-ஓடு நின்றுவிட்டது, பணம் நொடியில் போகிறது. இடைவெளி போய்விட்டதே, இன்னும் இந்த வித்தை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இடைவெளி போகவில்லை. சிக்னல் இல்லாத இடத்துக்கு ரெஜிமென்ட் நகர்ந்தால், போன்களை வாங்கி வைத்துவிட்டால், ஒரே நாளில் பழைய நிலைமை. 2020 ஜூன் 15-இல் கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், எங்களைப் போலவே பீரங்கிப் படை. சொந்தமாகக் கட்டின புது வீட்டின் புதுமனை புகுவிழாவுக்கு அவரால் வர முடியவில்லை, எல்லையில் பதற்றம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, செங்கல்லும் சிமென்டும் கணக்குப் பார்த்து ஒரு வீட்டை எழுப்பி முடித்திருக்கிறார்கள், பாதி போனில், பாதி லீவில். பின்னர் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்த விருதுப் பத்திரத்தில் வராத உழைப்பு ஒன்று அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது.

போனில் இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. பழையபடி உத்தரவு போடலாம். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் வந்து, "அதை ஏன் வாங்கினே, அவனுக்கு ஏன் கொடுத்தே" என்று கேட்கிற பையன்களைப் பார்க்கிறேன். கேட்கக்கூடிய வசதி இருப்பதால் கேட்கிறார்கள். கடிதக் காலத்தில் தாமதமே மனைவிக்கு ஒரு அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. அதை இப்போது கணவனாகப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

லீவில் வரும்போதும் இதே கவனம் வேண்டும். ஜவானுக்கு வருஷத்தில் அறுபது நாள் ஆண்டு விடுப்பு. வந்த மறுநாளே சாவிக்கொத்தையும் கணக்கு நோட்டையும் வாங்கிக்கொள்கிறவன், பத்து மாசமாக நடந்துகொண்டிருந்த ஒரு நிர்வாகத்தைக் கலைத்துவிட்டு, இரண்டு மாசத்தில் மறுபடி அவள் தலையில் போட்டுவிட்டுப் போவான். அதற்குள் கூலியாள் முகம் மாறியிருக்கும், கடைக்காரன் கணக்கு குழம்பியிருக்கும். வந்தவன் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டாருக்கு இப்போது யாரைக் கூப்பிடுகிறாய், யாருக்கு நாம் கைமாத்து தரணும், யார் நமக்குத் தரணும், பிள்ளைக்கு எந்த வாத்தியார், தீர்வை கட்டின ரசீது எங்கே. சண்டை முனையில் ஒரு பீரங்கி பேட்டரி இன்னொன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது எதிரி எங்கே, குறி எங்கே, குண்டு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் பொறுப்பை ஏற்பார்கள். வீட்டுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன். இன்றைக்கும் எல்லைக்குப் போகிற பையன்கள் ஃபாரம் நிரப்பவும் நாமினேஷன் கேட்கவும் என்னிடம் வருகிறார்கள். தனியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்று. வந்தால் அந்தப் பெண்ணைத்தான் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்வேன். "அம்மா, உன் பெயர் ஆதாரில் எப்படி இருக்கு, பேங்க் பாஸ் புக்கில் எப்படி இருக்கு, எழுத்துக்கூட்டிச் சொல்லு" என்று ஆரம்பிப்பேன்.